எட்டப்பனைத் தேடாதீர்கள்

நம் பக்கத்தில் தோற்றுப்போன கதை எதைச் சொன்னாலும், கேட்கிறவர்கள் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வருவார்கள்: "காட்டிக் கொடுத்தவன் யாருங்க?" கோட்டை விழுந்தாலும் அப்படி, கூட்டுறவுச் சங்கம் மூழ்கினாலும் அப்படி, அண்ணன் தம்பி சொத்து கோர்ட்டுக்குப் போனாலும் அப்படி. எட்டப்பன் என்ற பெயரே நம் பேச்சில் வசவாகிவிட்டது. எட்டையபுரத்துக்காரர்களைக் கேட்டால் அவர்கள் வேறு கதை சொல்வார்கள். அதை இங்கே நான் கிளறப் போவதில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒரு ஃபைல் காணாமல் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் நாளே "யார் எடுத்தது?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மூன்றாம் நாள் செக்‌ஷனில் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். ஃபைல் கடைசியில் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் விழுந்து கிடக்கும். ஃபைல் கிடைத்துவிடும், போன பேச்சுவார்த்தை திரும்ப வராது.

ஆபத்தில் மாட்டிக்கொண்ட ஒரு கூட்டம் சிதறுவதற்குத் துரோகி ஒருவன் தேவையே இல்லை என்பது என் கருத்து. துரோகியைத் தேடத் தொடங்குவதே பல நேரம் அந்தக் கூட்டத்தைச் சிதறடித்துவிடுகிறது. இதற்கு நான் தூர தேசத்து உதாரணம் தேட வேண்டியதில்லை. உடையார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் அன்றே திரும்பிவிடக் கூடிய இடங்களில் நடந்த கதை இருக்கிறது.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். சரித்திரப் பாடத்தில் புதுச்சேரி கவர்னர் டூப்ளே பெரிய மனிதர். ஸ்ரீரங்கத்தில் அவருடைய படை சரணடைந்ததற்கு ஓரிரண்டு வரிதான் இருக்கும், "தளபதி லாவின் தவறு" என்கிற மாதிரி. அங்கேயும் ஒரு எட்டப்பனைக் கண்டுபிடித்துப் பாடத்தை முடித்துவிட்டார்கள். பின்னாளில் ஆங்கிலப் புத்தகங்களையும் படித்தபோதுதான் முழுக் கதையும் தெரிந்தது.

வருஷம் 1752. ஆற்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் சந்தா சாகிப். அவருக்குப் பின்னால் டூப்ளேவும் பிரெஞ்சுப் படையும். இன்னொருவர் முகமது அலி, 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் மாண்ட அன்வருத்தீனின் மகன். அவருக்குப் பின்னால் ஆங்கிலேயர். முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் அடைபட்டிருந்தார். சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் வெளியே முற்றுகை போட்டிருந்தார்கள். இந்த நிலையில்தான் 1751இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்துக் கவனத்தைத் திருப்பினார். மைசூர் நஞ்சராஜய்யா, குத்தி முராரி ராவ், தஞ்சாவூர் ராஜா பிரதாப் சிங்கின் தளபதி மானோஜி என்று ஒவ்வொருவராக முகமது அலி பக்கம் சேர்ந்தார்கள். 1752 வசந்தத்தில் லாரன்சும் கிளைவும் திருச்சிக்கு வந்து சேர, முற்றுகை போட்டவர்களே முற்றுகைக்குள் மாட்டினார்கள்.

பிரெஞ்சுத் தளபதி லா, ஏப்ரல் மாதத்தில் காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் போய்விட முடிவு செய்தார். சந்தா சாகிப்புக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் போனார்கள். எடுத்துப் போக முடியாத தானியத்தையும் சாமான்களையும் கொளுத்திவிட்டுப் போனார்கள். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். பாதுகாப்பு என்று நினைத்துப் போன இடம் கூண்டாகிவிட்டது.

கிளைவ் ஒரு பகுதிப் படையுடன் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். புதுச்சேரியிலிருந்து உதவி வரும் பாதை அடைபட்டது. உதவி வராமல் இல்லை. தோத்தேய் என்ற மூத்த அதிகாரியை டூப்ளே அனுப்பினார். வெறும் உதவிக்காக மட்டும் அனுப்பவில்லை, லாவிடமிருந்து தலைமையை வாங்கிக்கொள்ளவும் சேர்த்து அனுப்பினார். உள்ளே மாட்டியிருக்கிற தளபதிக்கு, தன்னைக் காப்பாற்ற வருகிறவரே தன் நாற்காலிக்கும் வருகிறார் என்று தெரிந்தால் மனசு எப்படி இருக்கும்? ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தோத்தேய் நம் பெரம்பலூர்ப் பக்கமாக ஊட்டத்தூர் வரை வந்தார். அதைக் கேட்டு கிளைவ் சமயபுரத்தை விட்டு அவரைத் தடுக்கக் கிளம்பினார். இவர் வருவது தெரிந்ததும் தோத்தேய் ஊட்டத்தூருக்கே பின்வாங்கினார். கிளைவும் அன்றே சமயபுரம் திரும்பிவிட்டார். தீவில் இருந்த லாவுக்குக் கிளைவ் போனது தெரியும், திரும்பியது தெரியாது. படை இல்லாத முகாம் என்று நினைத்து இரவோடு இரவாக ஒரு சிறு படையை அனுப்பினார். கிளைவ் மயிரிழையில் தப்பினார் என்பது உண்மை. ஆனால் போன படை அழிந்தது. அரை நாள் செய்தி தாமதம், ஒரு படையை விழுங்கிவிட்டது.

இனி கூண்டுக்குள்ளே பார்ப்போம். கொள்ளிடத்து வடகரையில் பிச்சாண்டார்கோவிலும் எதிரி கைக்குப் போனது. அங்கிருந்து சுட்டால் குண்டு தீவில் விழும். சந்தா சாகிப்பின் சர்தார்கள் அவரிடம் வந்து, சம்பளம் பாக்கி இருக்கிறது, குடும்பங்கள் கூட இருக்கின்றன, எங்களை விட்டுவிடுங்கள் என்று கேட்டார்கள். அவர் திட்டவில்லை. நீங்கள் செய்ததற்கு நன்றி, கொடுக்க என்னிடம் இப்போது எதுவும் இல்லை என்று அனுப்பிவைத்தார். சுமார் 2000 குதிரை வீரர்களும் 1500 காலாட்களும் நேரே சமயபுரம் போய்க் கிளைவிடமே சேர்ந்தார்கள். வேறு சிலர் மற்ற எதிரி முகாம்களுக்குப் போனார்கள். இவர்களை எட்டப்பன் என்பீர்களா? மாதக் கணக்கில் கூலி இல்லாமல், பெண்டு பிள்ளைகளோடு பீரங்கிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள். எனக்கு அப்படிச் சொல்ல நாக்கு வரவில்லை.

மிச்சம் இருந்தவர்களாவது ஒன்றாக இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. சந்தா சாகிப் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள். லா தன் பிரெஞ்சுப் படையுடன் திருவானைக்காவல் கோயிலுக்குள். ஒரே தீவு, ஒரே எதிரி, நடந்து போகிற தூரம். ஆனால் மதில் வேறு, வாசல் வேறு. இங்கேதான் கதை முடிந்தது என்று நான் நினைக்கிறேன். அதன் பிறகு நடந்ததெல்லாம் பாக்கிக் கணக்கு.

வெளியிலிருந்து வர வேண்டியவரும் வரவில்லை. தோத்தேய் மறுபடி முயன்றார். கிளைவ் மறுபடி மறித்தார். ஆங்கிலேயர் ஏடுகளில் 'வால்கொண்டா' என்று எழுதியிருப்பது நம் வாலிகண்டபுரம், ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம்தான். அந்தக் கோட்டைக்காரர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டார். தோத்தேய்க்குக் கோட்டைக் கதவு திறக்கவில்லை. 1752 ஜூன் 9ஆம் தேதி அங்கேயே சரணடைந்தார்.

தனித்தனி வாசல் தேடும் படலம் அதற்குப் பிறகு வேகமானது. சந்தா சாகிப்பை எப்படியாவது வெளியேற்ற வேண்டும், அவர் ஆங்கிலேயர் கையில் சிக்கினால் போட்டி நவாபிடம் போய்விடுவார் என்று லா பயந்தார். எதிரிகளில் யாரை விலைக்கு வாங்கலாம் என்று பார்த்தார்கள். தஞ்சாவூர் மானோஜி ஒப்புக்கொண்டார். பணம் கைமாறியது, வாளின் மேல் சத்தியம் செய்தார். பிணையாக ஒரு ஆளைக் கொடுங்கள் என்று லா கேட்டதற்கு, ஏமாற்ற நினைத்தால் பிணை ஆளால் என்ன பிரயோஜனம், வீணாக ரகசியம்தான் வெளியாகும் என்று பதில் வந்ததாம். அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டார்கள். இத்தனை நாள் பக்கத்து மதிலுக்குள் இருந்தவரை நம்பாதவர்கள், எதிரியின் சத்தியத்தை ஓர் இரவில் நம்பினார்கள். பயம் முற்றினால் மனிதனுக்கு இதுதான் நடக்கும். கூட இருப்பவன் மேல் சந்தேகமும், வாக்குக் கொடுக்கிற அந்நியன் மேல் நம்பிக்கையும் சேர்ந்தே வரும்.

பல்லக்கு காத்திருக்கிறது என்று போனவருக்கு விலங்கு காத்திருந்தது. மறுநாள் அவருக்காக ஒரு பஞ்சாயத்தே நடந்தது. முகமது அலி தனக்கு வேண்டும் என்றார், மைசூர் தனக்கு என்றது, முராரி ராவும் கேட்டார். லாரன்ஸ், ஆங்கிலேயர் காவலில் இருக்கட்டும் என்றார். முடிவு ஏற்படவில்லை. மானோஜி அவர் தலையை வெட்டச் செய்து வழக்கை முடித்தார். லா, ஏறக்குறைய 800 ஐரோப்பியர், 2000 சிப்பாய்களோடு சரணடைந்தார். எல்லாம் அந்த ஜூன் மாதத்தின் நடுவில் ஓரிரு நாளுக்குள்.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதை வேறு மாதிரி சொல்வார்கள். திருச்சி ராணி மீனாட்சியிடம் சந்தா சாகிப் குரான் மேல் சத்தியம் செய்து, பிறகு சத்தியத்தை மீறி ஊரைப் பிடித்தார். துணியில் சுற்றியிருந்தது குரானே இல்லை, செங்கல். அந்தப் பாவம்தான் இன்னொரு பொய்ச் சத்தியமாகத் திரும்பி வந்தது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இப்படிச் சொல்வதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. பாவம் செய்தவன் அனுபவித்தான் என்று முடித்துவிட்டால் நாம் கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. சம்பளப் பாக்கி, இரண்டு மதில், தெரியாமல் போன செய்தி, நாற்காலிப் போட்டி எல்லாம் மறைந்துவிடும்.

ஜெயித்தவர்கள் கதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உதவிக்கு வந்தால் திருச்சியையே தருகிறேன் என்று முகமது அலி மைசூருக்கு ரகசியமாக வாக்குக் கொடுத்திருந்தார். ஜெயித்த பிறகு கேட்டால் தவணை சொன்னார். நஞ்சராஜய்யா கோபித்துக்கொண்டு ஊர் திரும்பாமல் அங்கேயே உட்கார்ந்தார். அடுத்த வருஷமே அவரும் முராரி ராவும் பிரெஞ்சுக்காரர் பக்கம். திருச்சியைச் சுற்றி யுத்தம் 1754 வரை இழுத்தது. அதில் எரிந்த வைக்கோல் போரும் வறண்ட கிணறும் இந்தப் பக்கத்துக் குடியானவனுடையவை. அவனிடம் யாரும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

துரோகியைத் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு என் சொந்த ஊர்க் கதையும் உண்டு. 1760 கடைசியில் புதுச்சேரியை ஆங்கிலேயர் சூழ்ந்தார்கள். உள்ளே லாலி என்ற தளபதிக்கும் கவுன்சில்காரர்களுக்கும் ஜன்மப் பகை. எல்லோரும் திருடர்கள் என்று அவர் நினைத்தார்; இவன் கர்வி, பைத்தியம் என்று அவர்கள் நினைத்தார்கள். சாப்பாடு குறைந்ததும் லாலி, ஊர் ஜனங்களில் சுமார் 1400 பேரைக் கோட்டைக்கு வெளியே தள்ளினார். ஆங்கிலேயர் தங்கள் வளையத்தைத் தாண்ட விடவில்லை. இரண்டு படைக்கும் நடுவே, புல் பூண்டு தின்று, ஒரு வாரம் கிடந்தார்கள். பிறகுதான் போக விட்டார்கள். 1761 புத்தாண்டு பிறக்கும் இரவில் அடித்த புயலில் ஆங்கிலேயர் கப்பல்கள் பல போயின. கடவுள் திறந்துவிட்ட அந்த வாசலையும் உள்ளே இருந்தவர்களால் உபயோகிக்க முடியவில்லை. ஜனவரி 16ஆம் தேதி ஊர் விழுந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை நாலு நாள் முன்னால் இறந்துபோனதால் அதைப் பார்க்காமல் தப்பினார்.

பாரிசுக்கு ஒரு எட்டப்பன் தேவைப்பட்டான். லாலியைப் பிடித்து, விசாரித்து, ராஜாவின் நலனைக் காட்டிக்கொடுத்தவர் என்று தீர்ப்பெழுதி, 1766 மே 9ஆம் தேதி தலையை வெட்டினார்கள். வொல்த்தேர் என்ற எழுத்தாளர் இது அநியாயம் என்று விடாமல் எழுதினார். லாலியின் மகனும் போராடினார். 1778இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. பன்னிரண்டு வருஷம் கழித்து ஃபைல் பீரோவுக்குப் பின்னால் கிடைத்த மாதிரிதான். லாலி நல்லவர் என்று நான் வாதாடவில்லை. அந்த 1400 பேரை நினைத்தால் எனக்கு அவர் மேல் இரக்கமே வரவில்லை. ஆனால் புதுச்சேரி விழுந்தது ஒரு துரோகியால் இல்லை. ஒருவரை ஒருவர் துரோகி என்று நினைத்த ஒரு முழு ஊரால்.

நம் உடையார்பாளையத்துக்கு வேறு விதமான பெயரும் உண்டு. ஔரங்கசீப்பின் படைக்குப் பயந்து காஞ்சிபுரம் வரதராஜர் உற்சவ விக்கிரகத்தை ரகசியமாகக் கொண்டுவந்து ஒளித்து வைத்தது நம் பாளையத்துக் காட்டில்தான். இருபது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்துவிட்டு 1710இல் காஞ்சிக்குத் திரும்பினார். அத்தனை வருஷம் எத்தனை பேருக்கு விஷயம் தெரிந்திருக்கும்! சுவாமி பத்திரமாக இருந்தார். தகராறு வந்தது திருப்பிக் கொடுக்கும்போதுதான். பாளையக்காரருக்குப் பெருமாளை அனுப்ப மனசு வரவில்லை. நெருக்கடியில் நம்பிக்கையாக இருக்க நம் மனிதர்களால் முடியும் என்பதற்கு இதைச் சொல்கிறேன். ஆபத்து தீர்ந்து பங்கு பிரிக்கும்போதுதான் ஜாக்கிரதை அதிகம் வேண்டும் என்பதற்கும் இதையே சொல்லலாம்.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். 2020 மே மாதம் நினைவிருக்கிறதா? கோயம்பேடு சந்தை மூடி, அங்கே மூட்டை தூக்கின நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். அரியலூர் மாவட்டத்தில் கொரோனா எண்ணிக்கை திடீரென்று ஏறியது. வெளியே போக வழியில்லை, உள்ளே கண்ணுக்குத் தெரியாத எதிரி. ஒரு கிராமத்தில் திரும்பி வந்தவர்கள் தெருவுக்கு முள் வெட்டிப் போட்டார்கள். "கோயம்பேட்டான்" என்பது வசவானது. விளைவு என்ன? காய்ச்சல் வந்தவன் வாயே திறக்கவில்லை. மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு எல்லோருடனும் கலந்தான். நோயை ஊருக்குள் விட்டது யார்? முள்ளைத் தாண்டி வந்தவனா, முள்ளைப் போட்டவனா?

பக்கத்திலேயே இன்னொரு ஊரில், வந்த பிள்ளைகளை வயல் மோட்டார் கொட்டகைகளில் தங்கவைத்தார்கள். வீட்டுக்கு ஒரு வேளை என்று முறை போட்டுச் சோறு கொண்டுபோய்த் தூரத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். அங்கே ஒரு பையனுக்கு உடம்பு சுட்டதும் அவனே போன் போட்டுச் சொன்னான். சொன்னால் சோறு நிற்காது, மரியாதை போகாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஊர் ஜனங்கள் விசேஷமான உத்தமர்கள் இல்லை. முதல் நாளே முறை போட்டார்கள், அவ்வளவுதான்.

நம் வயதுக்காரர்களிடம் நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டிலும் தெருவிலும் சங்கத்திலும் நெருக்கடி வந்தால் "பெரியவர் என்ன சொல்றார்" என்று ஒரு நிமிஷமாவது நம் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த நிமிஷத்தில் "அவன் மேலதான் எனக்குச் சந்தேகம்" என்று நாம் சொல்லிவிட்டால், கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டி அந்தச் சொல் போய்விடும். திரும்பக் கூப்பிட முடியாது. அதற்குப் பதிலாக, கையில் என்ன இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் எண்ணச் சொல்லலாம். கொடுக்க வேண்டிய பாக்கியை முதலில் கொடுக்கச் சொல்லலாம். போகிறதானால் எல்லோருமாக ஒரே வாசலில் போவோம், இருக்கிறதானால் ஒரே மதிலுக்குள் இருப்போம் என்று சொல்லலாம். வேவு பார்க்கிறவன், விலை போகிறவன் உலகத்தில் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவனுக்குக் கிராக்கி ஏற்படுவது கூட்டம் உள்ளுக்குள் பிரிந்த பிறகுதான்.

ஆகவே அடுத்த முறை உங்களிடம் யாராவது தோற்ற கதை சொன்னால், காட்டிக் கொடுத்தவன் யார் என்று கேட்காதீர்கள். அங்கே இருந்தவர்களுக்கு எத்தனை மாசச் சம்பளம் பாக்கி என்று கேளுங்கள்.